ஏசி ஹாலும் ஆப்ப சோடாவும்: காட்பாடி வாசகரின் பவளத் தொட்டி

கேள்வி: ஐயா, நான் காட்பாடியில் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். பதினான்கு மாதமாக மூன்றடித் தொட்டி ஒன்றில் (200 லிட்டர்) சாஃப்ட் கோரல் (மென் பவளம்) வளர்க்கிறேன். பவளத்தில் பெரிய லெதர் ஒன்று, சோவா இரண்டு மூன்று வகை, மஷ்ரூம், கொஞ்சம் சீனியா; கூடவே ஒரு ஜோடி கோமாளி மீன். தண்ணீர் வீட்டு ஆர்ஓ, டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்பு, தாதுக்களின் அளவு) 90. மார்ச் வரை எல்லாம் நன்றாக இருந்தது. கோடை தொடங்கியதிலிருந்து நாங்கள் நான்கு பேரும் ஏசி இருக்கும் ஹாலிலேயே படுக்கிறோம், அதனால் தொட்டிக்கும் குளிர்ச்சிதான். ஆனால் ஏப்ரல் கடைசியில் காலை பிஹெச் 7.8-க்கு இறங்கிவிட்டது. சோடா போட்டால் ஏறும் என்றார்கள். மூன்று வாரமாகத் தினமும் காலையில் ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடா கரைத்து ஊற்றுகிறேன், 7.9-ஐத் தாண்டவில்லை. லெதர் விரியவே இல்லை, சீனியா கரைகிறது, பம்ப் மேலெல்லாம் வெள்ளைப் படிவு. இப்போது உப்பு 1.029 (நல்ல தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி), டிகேஎச் (தண்ணீரின் கார இருப்பு) 14, கால்சியம் 330, நைட்ரேட் 0, பாஸ்பேட் 0. சூடு காலையில் 25.5, மாலையில் 30 டிகிரி. எட்டாவது படிக்கும் என் மகள் எழுதிவைத்த நோட்டின் பக்கங்களையும் அனுப்பியிருக்கிறேன். சோடாவைக் கூட்டலாமா? கால்சியத்துக்கு வெற்றிலைச் சுண்ணாம்பு கரைத்து ஊற்றலாமா? மொத்தமாகக் கடல் தண்ணீர் கொண்டுவந்து மாற்றிவிடலாமா? ராமேஸ்வரத்திலிருந்து கல் பவளம் கொண்டுவந்து தருவதாக ஒருவர் சொல்கிறார், வாங்கலாமா?

பதில்:

அன்புள்ள ஆசிரியருக்கு,

முதல் வேலையாக ஆப்ப சோடா டப்பாவை அடுப்படிக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள். நாளைக் காலையிலிருந்து ஒரு சிட்டிகைகூட வேண்டாம். கீழே சொல்லப்போகும் மற்றதையெல்லாம் வாரக்கணக்கில் மெதுவாகச் செய்யலாம். அவசரம் இது ஒன்றுதான்.

உங்கள் மகளின் நோட்டைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. வேலூர், ராணிப்பேட்டை பக்கம் கடல் தொட்டிகளைப் பராமரிப்பதுதான் என் தொழில். தொட்டி வைத்திருப்பவர்கள் பலர் எண்களை எழுதி வைப்பார்கள். எந்த நேரத்தில் எடுத்த எண் என்று எழுதுபவர்களைப் பார்ப்பது அரிது. பாப்பா காலை 6 மணி, மாலை 4 மணி என்று இரண்டு கட்டம் போட்டு எழுதியிருக்கிறாள். விடை அந்த இரண்டு கட்டங்களுக்கு நடுவில்தான் இருந்தது.

மார்ச்சில் பிஹெச் காலை 8.0, மாலை 8.2. ஏப்ரல் 20-க்குப் பிறகு காலை 7.8, மாலையோ அதே 8.2. தண்ணீரிலேயே கோளாறு இருந்தால் இரண்டு வேளையும் இறங்கியிருக்கும். காலையில் மட்டும் இறங்குகிறது என்றால் இரவில் ஏதோ நடக்கிறது. இரவில் என்ன நடக்கிறது என்பதைக் கடிதத்தில் நீங்களே எழுதிவிட்டீர்கள்: நான்கு பேர், மூடிய ஹால், ஏசி.

ஸ்ப்லிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறையில் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது. கதவு, ஜன்னல் மூடி நான்கு பேர் எட்டு மணி நேரம் மூச்சு விட்டால் அறையில் கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கொண்டே போகும். வெளிக்காற்றில் அது 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு) அளவில் இருக்கிறது. இப்படி மூடிய படுக்கையறையில் ஆயிரத்தைத் தாண்டுவது சாதாரணம். தொட்டித் தண்ணீர் எந்தக் காற்றோடு உறவாடுகிறதோ அந்தக் காற்றின் கார்பன் டை ஆக்சைடுதான் அதில் கரையும். காற்றில் அது இரண்டு மடங்கானால் பிஹெச் ஏறக்குறைய 0.3 இறங்கும். நுரை கிளப்பி அழுக்கைப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் வேறு அதே காற்றை இழுத்து இழுத்துத் தண்ணீரில் கலக்கிறது. போதாததற்கு இரவில் விளக்கு அணைந்ததும் பவளமும் பாசியும் மீனும் சேர்ந்து கார்பன் டை ஆக்சைடையே வெளிவிடுகின்றன. விடிந்து கதவைத் திறந்து, தொட்டி விளக்கும் எரிந்தால் எண் தானாக மேலே வந்துவிடுகிறது.

என் பேச்சை நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். காலை 6 மணிக்கு ஒரு டம்ளர் தொட்டித் தண்ணீர் எடுத்து பிஹெச் பாருங்கள். அதே டம்ளரை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், சின்ன ஏர் பம்ப் குழாயைப் போட்டு ஒரு மணி நேரம் குமிழி விடுங்கள். மறுபடி பாருங்கள். 8.1, 8.2 என்று ஏறியிருந்தால் குற்றவாளி அறைக் காற்று. தண்ணீரில் எதையும் சேர்க்க வேண்டிய தேவையே இல்லை. ஸ்கிம்மரின் காற்றுக் குழாயில் நீளமான சிலிகான் டியூபைச் செருகி, அதன் மறுமுனையை ஜன்னல் வழியாக வெளியே விட்டால் போதும். கொசு வராமல் இருக்க இடுக்கில் ஸ்பாஞ்சு வைத்து அடைத்துவிடுங்கள். வெளியே காற்று சூடாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். ஸ்கிம்மர் இழுக்கும் காற்றின் அளவுக்குத் தொட்டி சூடாகாது. படுக்கும்போது ஒரு ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்து வைத்தால் உங்களுக்கும் நல்லது; மூடிய அறையில் தூங்கி எழுந்தால் தலை கனப்பதற்கு இந்தக் காற்றும் ஒரு காரணம்.

சரி, சோடா ஏன் வேலை செய்யவில்லை?

ஆப்ப சோடா என்பது சோடியம் பைகார்பனேட். அது ஏற்றுவது ஆல்கலினிட்டியை, அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட், கார்பனேட் இருப்பை. டிகேஎச் என்று நாம் அளப்பது அதைத்தான். பிஹெச்சை அது உடனே ஏற்றாது. ஊற்றிய கையோடு அளந்தால் ஒரு துளி இறங்கியிருப்பதுகூட உண்டு. நீங்கள் பிஹெச்சைப் பார்த்துக்கொண்டு சோடாவை ஊற்ற, அந்த எண் அசையாமல் நிற்க, வேறொரு எண் உங்கள் கண்ணில் படாமல் ஏறிக்கொண்டிருந்தது.

எவ்வளவு ஏறியது என்று கணக்குப் போடலாம். கடைக்காரர் 200 லிட்டர் என்று கொடுத்த தொட்டி அது. மூன்றடி, ஒன்றரை அடி, ஒன்றரை அடி என்றால் விளிம்பு வரை நிரப்பினாலே 185 லிட்டர்தான் வரும். கல், மணல், மேல் இடைவெளி போக உங்களிடம் இருப்பது ஏறக்குறைய 160 லிட்டர். எந்த மருந்தையும் இந்த 160-க்குத்தான் அளக்க வேண்டும். ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடா சுமார் 5 கிராம். 160 லிட்டரில் அது ஒரு டிகேஎச் ஏற்றும். தினமும் ஒன்று. மூன்று வாரத்தில் 21 ஸ்பூன், ஏறக்குறைய 21.5 டிகேஎச்.

நோட்டில் மார்ச் மாத அளவு டிகேஎச் 8, கால்சியம் 420. எட்டோடு இருபத்தொன்றரை சேர்ந்தால் 29.5 வர வேண்டும், உங்கள் கிட் காட்டுவதோ 14. மீதி எங்கே போனது? பம்ப் மேல் இருக்கும் வெள்ளைப் படிவு அதுதான். மணலில் விரலை விட்டுப் பாருங்கள், கட்டி கட்டியாக இறுகியிருக்கும். பைகார்பனேட் அளவுக்கு மேல் ஏறியபோது அது கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சுண்ணாம்பாக உறைந்துவிட்டது. இரண்டும் சேர்ந்து இறங்கும்போது ஒரு கணக்கு உண்டு: லிட்டருக்கு 20 மில்லிகிராம் கால்சியம் போனால் கூடவே 2.8 டிகேஎச் போகும். பவளம் எலும்பு கட்டினாலும் இதே கணக்கு, பம்ப் மேல் படிந்தாலும் இதே கணக்கு.

இப்போது உங்கள் எண்களைப் பாருங்கள். 1.029 என்றால் ஒரு கிலோ தண்ணீரில் சுமார் 38.5 கிராம் உப்பு. கடலில் இருப்பது 35. உப்பு கூடியிருப்பதால் மற்ற எண்களும் ஊதித் தெரிகின்றன. 35-க்குக் கொண்டுவந்து கணக்கிட்டால் உங்கள் கால்சியம் 330 அல்ல, 300. டிகேஎச் 14 அல்ல, 12.7. காணாமல் போன கால்சியம் 120. அது ஆறு இருபதுகள். ஆறு முறை 2.8 என்றால் 16.8. மேலே சொன்ன 29.5-இல் 16.8-ஐக் கழித்தால் 12.7. மகளின் நோட்டு அவ்வளவு துல்லியம். உங்கள் கால்சியத்தைப் பவளம் தின்னவில்லை, சோடா தின்றிருக்கிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சாஃப்ட் கோரல்கள் கல் கூடு கட்டுவதில்லை. லெதரின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்பு ஊசிகள் இருக்கும், அவ்வளவுதான். என் பராமரிப்பில் இருக்கும் சாஃப்ட் கோரல் தொட்டிகளில் ஒரு நாளைக்கு 0.1, 0.2 டிகேஎச் இறங்கினாலே அதிகம். வாரம் ஒரு முறை பத்து சதவீதம் தண்ணீர் மாற்றினால் அந்த நஷ்டம் ஈடாகிவிடும். உங்கள் தொட்டிக்கு அன்றாடம் கால்சியம் பாட்டிலும் தேவையில்லை, சோடாவும் தேவையில்லை. பாட்டில் விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

உப்பு ஏன் ஏறியது என்பதும் நோட்டிலேயே இருக்கிறது. நாள்தோறும் ஆர்ஓ தண்ணீர் விட்டிருக்கிறீர்கள், சரிதான். ஆனால் ஏப்ரல், மே ஞாயிற்றுக்கிழமைகளில் 16 லிட்டர் வெளியே எடுத்துவிட்டு 19, 20 லிட்டர் உப்புத் தண்ணீர் ஊற்றியதாக எழுதியிருக்கிறாள். அன்றைக்கு ஆவியாகிக் குறைந்திருந்ததையும் சேர்த்து உப்புத் தண்ணீராலேயே நிரப்பியிருக்கிறீர்கள். ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். உப்பளத்தில் நடப்பதும் இதுதான். வாரம் மூன்று நான்கு லிட்டர் என்றால் ஐந்தாறு வாரத்தில் 1.026 என்பது 1.029 ஆகிவிடும். இனி ஞாயிற்றுக்கிழமை முதலில் ஆர்ஓ தண்ணீர் விட்டுப் பழைய கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். அதன் பிறகு எடுக்கிற அளவே ஊற்றுங்கள். கண்ணாடியில் மார்க்கரால் ஒரு கோடு போட்டால் போதும்.

இறக்குவதற்கு வழி இதுதான். தினமும் தொட்டியிலிருந்து 3 லிட்டர் எடுத்துவிட்டு அதே 3 லிட்டர் நல்ல தண்ணீர் சேர்க்க வேண்டும். ஐந்து நாளில் 38.5 ஏறக்குறைய 35-க்கு வந்துவிடும். ஒரே நாளில் 15 லிட்டர் மாற்றி முடித்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். கெட்ட நிலைக்கு மெதுவாகப் பழகிய உயிரை நல்ல நிலைக்கும் மெதுவாகத்தான் கொண்டுவர வேண்டும். பவளத்தின் திசுவுக்குள் உப்புச் சமநிலை மாற அவகாசம் தேவை. தொடங்குவதற்கு முன் உப்பு அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) கரைசல் ஒரு சொட்டு விட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கருவியே தப்பாகக் காட்டிக்கொண்டிருந்தால் எல்லாக் கணக்கும் வீண்.

அப்புறம், அந்த நல்ல தண்ணீர். வேலூரில் தொட்டி வைக்கிறவர்கள் முதலில் சண்டை போட வேண்டியது இதனோடுதான். நம் போர் தண்ணீரின் கடினத்தைச் சொல்ல வேண்டியதில்லை, பாத்திரத்தில் படியும் வெள்ளையே சொல்லும். ஆயிரத்துக்கு மேல் டிடிஎஸ் உள்ள தண்ணீரை வீட்டு ஆர்ஓ 60, 70-க்குக் கொண்டுவரும். ஆனால் பெரும்பாலான வீட்டு மெஷின்களில் டிடிஎஸ் கன்ட்ரோலர் என்று சின்ன வால்வு ஒன்று இருக்கும். ருசிக்காகக் கொஞ்சம் பழைய தண்ணீரையும் கலந்து கொடுக்கும். குடிப்பதற்கு அது சரி. தொட்டிக்கு அந்தக் கலப்பு ஆகாது. கேன் தண்ணீரிலும் இதே சிக்கல்தான்.

90 என்று மீட்டர் காட்டுகிறது, எதன் 90 என்று சொல்லாது. உப்பாக இருந்தால் கவலையில்லை. பாஸ்பேட், சிலிகேட், செம்பு என்றால் கவலைதான். வெறும் தண்ணீர் ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்க, இவை மாதக்கணக்கில் தொட்டியில் சேர்ந்துகொண்டே இருக்கும். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவால் நிலத்தடி நீர் கெட்ட கதையும் பாலாறு பட்ட பாடும் உங்களுக்குத் தெரியும். அந்த வழக்கில்தான் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. அந்தப் பகுதிகளில் இருப்பவர்கள் எவரும் போர் தண்ணீரை நேராகத் தொட்டியில் விடக் கூடாது. நீங்கள் செய்ய வேண்டியது, ஆர்ஓ மெம்பிரேனிலிருந்து வரும் குழாயில், கன்ட்ரோலருக்கு முன்னாலேயே ஒரு தனி இணைப்பு எடுத்து, அதில் மிச்சமிருக்கும் உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் டிஐ ரெசின் குப்பி ஒன்று பொருத்துவது. சர்வீஸ் செய்ய வருகிறவரே அரை மணி நேரத்தில் முடித்துக் கொடுப்பார். மீட்டர் 0 காட்ட வேண்டும். 2, 3 என்று ஏறத் தொடங்கினால் ரெசின் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

உப்பு 35-க்கு வந்த பிறகு ஐந்து நாளைக்கு ஒரு முறை 16 லிட்டர் மாற்றுங்கள், நான்கு முறை. உப்பு வாங்கும்போது கலக்கினால் டிகேஎச் 8 அளவில் வருவதைக் கேட்டு வாங்குங்கள். 11, 12 வரும் ரகங்களும் உண்டு, கல் பவளம் வேகமாக வளர்ப்பவர்களுக்கானவை. இப்போது உங்களுக்கு அவை வேண்டாம். நான்கு மாற்றத்தில் டிகேஎச் 11-க்குப் பக்கத்தில் வரும், பிறகு தானாக 9, 8 என்று இறங்கும். ஆசிட் விட்டு இறக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்டுக்கொள்ளாதீர்கள். அது ஆல்கலினிட்டியைக் கார்பன் டை ஆக்சைடாக மாற்றிவிடும், உங்கள் காலை பிஹெச் இன்னும் கீழே போகும்.

கால்சியம் அப்போது 340 அளவில் நிற்கும். டிகேஎச் 9-க்குக் கீழே வந்த பிறகுதான் அதைத் தொட வேண்டும். அதற்கு முன் மெக்னீசியம் கிட் ஒன்று வாங்கி அளந்துவிடுங்கள். உங்கள் பட்டியலில் அது இல்லவே இல்லை. கடலில் மெக்னீசியம் 1,290 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. கால்சியமும் கார்பனேட்டும் கண்ட இடத்தில் சேர்ந்து உறையாமல் தடுத்து வைப்பது அதுதான். மெக்னீசியம் 1,250-க்குக் கீழே இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். பிறகு கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் 10 கிராம், ஒரு லிட்டர் டிஐ தண்ணீரில் கரைத்து, நீரோட்டம் வேகமாக உள்ள இடத்தில் மெதுவாக ஊற்றவும். கரைக்கும்போது சூடாகும், ஆறவிட்டு ஊற்றுங்கள். 10 கிராம் உங்கள் தொட்டியில் கால்சியத்தை லிட்டருக்கு 17 மில்லிகிராம் ஏற்றும். நான்கு நாள் ஊற்றினால் 400-ஐத் தாண்டிவிடும், அதோடு நிறுத்திவிடுங்கள். ஈரம் உறிஞ்சுவதற்கென்று விற்கும் மலிவான ரகம் வேண்டாம், மருந்துத் தரத்தில் வாங்குங்கள்.

அடுத்து நைட்ரேட் 0, பாஸ்பேட் 0. இதை நீங்கள் நல்ல செய்தியாக எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் படித்ததும் சீனியா கரைவதன் காரணம் பாதி புரிந்தது. பவளத்தின் உடலுக்குள் வாழும் நுண்பாசிதான் அதற்குச் சோறு போடுகிறது; அந்தப் பாசிக்கு நைட்ரஜனும் பாஸ்பரஸும் வேண்டும். வயலுக்கு எரு வேண்டாம் என்று எந்த விவசாயியும் சொல்லமாட்டார். இரண்டும் பூஜ்யமானால் சாஃப்ட் கோரல்தான் முதலில் சுருங்கும். பாஸ்பேட் நீக்கும் துகள் பையை எடுத்துவிடுங்கள். மீனுக்கு இரண்டு நாளுக்கு ஒரு முறை தீனி என்று நோட்டில் இருக்கிறது. தினமும் இரண்டு வேளை ஒரு சிட்டிகை போடுங்கள், மீனும் பாவம். நைட்ரேட் 5 முதல் 10, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 என்று வந்தால் மஷ்ரூம் முதலில் விரிவதைப் பார்ப்பீர்கள்.

சூட்டைப் பற்றி. வேலூரை வெயிலூர் என்று சொல்லும் ஊர் நம்முடையது. காலையில் 25.5, மாலையில் 30 என்றால் ஒரே நாளில் நாலரை டிகிரி ஊஞ்சல். கடலில் ஒரு பாறைத்திட்டு வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரே ஒரு டிகிரி கூடுதலாகச் சில வாரம் இருந்தாலே பவளம் வெளுக்கத் தொடங்கும். மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் அப்படித்தான் பெரிய அளவில் வெளுத்தது. இரவு ஏசியை 24-இல் வைக்காமல் 27-இல் வையுங்கள். பகலில் தொட்டி மூடியை எடுத்துவிட்டு, தண்ணீர் மேல் படும்படி சின்ன ஃபேன் ஒன்று வைத்து, 27.5 டிகிரிக்கு மேல் போனால் ஓடும்படி தெர்மோஸ்டாட்டில் இணையுங்கள். மண்பானை குளிரும் வித்தைதான் இது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது உங்கள் தொட்டியை மூன்று டிகிரிக்கு மேல் குளிர்விக்கும் அளவு சூட்டைக் கொண்டுபோகிறது. கத்திரி வெயிலில் நம் ஊர்க் காற்று வறண்டு இருப்பதால் ஃபேன் நன்றாக வேலை செய்யும். ஐப்பசி மழை நாளில் அவ்வளவு செய்யாது, அப்போது தேவையும் இராது. ஃபேன் வைத்தால் ஆவியாவதும் கூடும். காலை, மாலை இரண்டு வேளையும் டிஐ தண்ணீர் விட முடியாவிட்டால் தானாக நிரப்பும் கருவி ஒன்று வாங்கிவிடுங்கள். மற்ற எந்தக் கருவிக்கும் முன்னால் அதற்குத்தான் பணம் செலவழிக்கச் சொல்வேன்.

சுண்ணாம்புத் தண்ணீர் கேட்டிருந்தீர்கள். கல் பவளம் வளர்ப்பவர்களுக்கு அது அருமையான முறை. கால்சியத்தையும் ஆல்கலினிட்டியையும் சரியான விகிதத்தில் சேர்த்துக் கொடுக்கும், கார்பன் டை ஆக்சைடையும் பிடித்துக்கொள்ளும். ஆனால் தெளிந்த சுண்ணாம்பு நீர் ஒரு லிட்டர் உங்கள் தொட்டியில் 0.7 டிகேஎச் ஏற்றும். கோடையில் நாளுக்கு இரண்டரை லிட்டர் ஆவியாகிறது, அத்தனையையும் சுண்ணாம்பு நீராலேயே ஈடுசெய்தால் தினமும் 1.75 ஏறும். உங்கள் தொட்டி தின்பது 0.2. கதை மறுபடி முதலிலிருந்து தொடங்கிவிடும். வெற்றிலைச் சுண்ணாம்பில் என்னென்ன கலந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது, எந்தத் தொட்டிக்கும் அதை நான் தொடமாட்டேன்.

சுண்ணாம்பு நீரில் எனக்கு ஒரு காயம் உண்டு. பல வருடத்துக்கு முன் ஒரு விடுதியின் வரவேற்பறையில் பெரிய தொட்டி ஒன்று என் பொறுப்பில் இருந்தது. நிரப்பும் கருவியின் மிதவையில் நத்தை ஒன்று ஏறி உட்கார்ந்துவிட, இரவோடு இரவாக வாளியில் இருந்த சுண்ணாம்பு நீர் அத்தனையும் தொட்டிக்குள் போய்விட்டது. சுண்ணாம்பு நீரின் பிஹெச் 12-க்கு மேல். காலையில் போனால் தொட்டி பால் மாதிரி வெளுத்திருந்தது. நான்கு வருடம் வளர்த்த பவளங்களில் ஒன்றையும் காப்பாற்ற முடியவில்லை. அன்றிலிருந்து மிதவை வைக்கும் எல்லாத் தொட்டியிலும் மேலே இரண்டாவது மிதவை ஒன்றும் வைக்கிறேன். வாளியில் ஒரு நாள் தேவைக்கு மேல் ஒரு லிட்டர்கூட வைப்பதில்லை. நீங்கள் வாங்கும் கருவிக்கும் இதையே செய்யுங்கள், உள்ளே இருப்பது வெறும் டிஐ தண்ணீராக இருந்தாலும்.

கடல் தண்ணீர் வேண்டாம். 140 கிலோமீட்டர் போய் மெரினாவில் மொண்டு வந்தால் கூவமும் அடையாறும் சேர்ந்து வரும். அதோடு, மொத்தமாக மாற்றுவது இப்போதைய நிலையில் பவளத்துக்குக் கடைசி அடியாகிவிடும்.

ராமேஸ்வரத்துக் கல் பவளம் பற்றி நேராகவே சொல்கிறேன். வாங்காதீர்கள். பாறை கட்டும் பவளங்கள் எல்லாம் 2001-லிருந்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணை. கருப்புப் பவளமும் கடல் விசிறியும்கூட அதில் உண்டு. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவில் இருக்கும் 21 தீவுகளும் சேர்ந்து தேசியப் பூங்கா. ஒரு காலத்தில் சுண்ணாம்புச் சூளைக்காக அங்கே பவளத்தை வெட்டி எடுத்தார்கள், அதன் வடு இன்னும் ஆறவில்லை. அதிலிருந்து யாரோ உடைத்துக்கொண்டு வரும் துண்டு உங்கள் வீட்டுக்கு வந்தால் சட்டப்படி நீங்களும் குற்றத்தில் பங்கு. சட்டத்தை விடுங்கள், 2016-இல் வெளுத்து, அதிலும் பிழைத்து நின்ற பவளமாக அது இருக்கலாம். அதை நம் ஹாலில் கொண்டுவந்து வைக்க எனக்கு மனம் வராது, உங்களுக்கும் வராது என்று நினைக்கிறேன். உங்களிடம் இருக்கும் சாஃப்ட் கோரல்களுக்கும் வாங்கிய ரசீதையும் இறக்குமதித் தாளின் நகலையும் கடையில் கேட்டு வாங்கி வையுங்கள். கொடுக்க மறுக்கும் கடையில் அடுத்த முறை வாங்க வேண்டாம்.

லெதர் பிழைத்துவிடும் என்றே நம்புகிறேன். அதன் மேல் மெழுகுபோல ஒரு தோல் படிந்திருந்தால் பெரிய சிரிஞ்சில் தொட்டித் தண்ணீரை எடுத்து மெதுவாகப் பீய்ச்சி விடுங்கள், உரிந்து போகும். கையால் உரிக்காதீர்கள். சீனியாவில் கரைந்து தொங்கும் பகுதிகளை உறிஞ்சி எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் தண்ணீர் கெடும். பம்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, பாதி வினிகர் பாதித் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊற வைத்தால் வெள்ளைப் படிவு விட்டுவிடும். இறுகிய மணலை இப்போது கிளற வேண்டாம்.

கடைசியாக, பாப்பாவுக்கு ஒரு வேலை. டிகேஎச் கிட்டின் மருந்து நம் ஊர்ச் சூட்டில் சீக்கிரம் கெடும். கெட்டதா இல்லையா என்று கண்டுபிடிக்க அதே ஆப்ப சோடா போதும். டிடிஎஸ் 0 காட்டும் தண்ணீர் 10 லிட்டர் எடுத்து, அதில் நகைத் தராசில் நிறுத்த 3 கிராம் ஆப்ப சோடாவைக் கரைக்கச் சொல்லுங்கள். பேக்கிங் பவுடர் வேண்டாம், அதில் வேறு பொருட்களும் இருக்கும். கிட் சரியாக இருந்தால் அந்தத் தண்ணீருக்கு 10 டிகேஎச் காட்ட வேண்டும். 11.5 காட்டினால் உங்கள் பழைய எண்களிலும் அந்த அளவுக்குப் பிழை இருக்கிறது. என்ன வந்தது என்பதையும், மொட்டை மாடி டம்ளரின் இரண்டு எண்களையும் நோட்டின் அடுத்த பக்கத்தில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள், நேரத்தோடு.